மினிட்ஸில் இல்லாத கேள்வி

கோயம்புத்தூரில் ஆயிரத்து இருநூறு பேர் வேலை பார்த்த ஒரு நூற்பாலைக்குக் கம்பெனி செக்ரட்டரியாக, அதாவது இயக்குநர்களின் போர்டு சட்டப்படி நடக்கிறதா என்று பார்க்கும் அதிகாரியாக, இருந்தவள் ஜலஜா. முதலாளியின் மைத்துனரான இயக்குநர் தன் கிடங்குப் பஞ்சை மில்லின் தலையிலேயே கட்டப் பார்த்தபோது, இருபத்தெட்டு வயதில், சட்டப் புத்தகத்தைப் பிரித்து மேசையில் வைத்து, "உங்களுக்கு இதுல சம்பந்தம் இருக்குங்க சார். ஓட்டெடுப்பு முடியற வரைக்கும் வெளிய உக்காருங்க" என்று சொன்னவள். அந்த மனிதர் முறைத்துக்கொண்டே எழுந்து போய் வெளியே உட்கார்ந்தார்.

கணவன் வெங்கடாசலத்துக்கு மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்து இருவரும் நியூ ஜெர்சிக்கு வந்த பிறகு, அந்தப் படிப்பைப் பற்றிக் கேட்பாரில்லை. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இன்டர்வியூ எடுத்த பெண் அவளுடைய சர்டிபிகேட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "செக்ரட்டரியா? அப்படியானால் ஒரு நிமிடத்துக்கு எத்தனை வார்த்தை டைப் அடிப்பீர்கள்?" என்று கேட்டாள். ஜலஜா விளக்கவில்லை. எண்பது என்றாள். அந்த எண்பதுதான் அவளை நூவர்க் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பாலிசேட் ஏர்லைன்ஸின் தலைமை அலுவலகத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது.

1998-ல் அவளுக்கு அங்கே எட்டாவது வருடம். போர்டு மீட்டிங்கில் மூலையில் ஒரு சின்ன மேசை போட்டு உட்கார்ந்து, பேசுவதையெல்லாம் சுருக்கெழுத்தில் எடுத்து, பிறகு கூட்டப் பதிவான மினிட்ஸை டைப் செய்து தருவது அவள் வேலை. அதில் கையெழுத்துப் போடுவது மார்ட்டின். கம்பெனியின் வக்கீலும் அவர்தான், செக்ரட்டரியும் அவர்தான். நல்ல மனிதர் என்றுதான் ஜலஜா நினைத்திருந்தாள். கிறிஸ்துமஸுக்கு மறக்காமல் சைவக் கேக் வாங்கி வருவார்.

அந்த போர்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மொத்தம் ஒன்பது பேர். தலைவர் டன்னிங், நிர்வாகத்தை நடத்தும் சி.இ.ஓ.வும் அவரே. அதாவது அவர் வேலையைக் கண்காணிக்க வேண்டிய குழுவுக்கு அவரே தலைவர். மற்ற எட்டுப் பேரில் ஏழு பேர் அவர் கூட்டி வந்தவர்கள். ஒருவர் கல்லூரித் தோழர், ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர், இருவர் கோல்ஃப். அவருடைய போனஸைத் தீர்மானிக்கும் கமிட்டியில் இருந்த மூன்று பேரும் அவர் படகில் மீன் பிடிக்கப் போகிறவர்கள். மிச்சம் ஒரே ஒரு பெண்மணி, எழுபத்தோரு வயது ரூத் கெஸ்லர். ட்ரென்டன் பக்கம் கணவனோடு பஸ் கம்பெனி நடத்தியவர். டன்னிங் வருவதற்கு முன்பிருந்தே போர்டில் இருந்தார்.

ஏப்ரல் மீட்டிங்கில் டன்னிங் நான்கு விமானங்களை விற்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பாலிசேட்டிடம் இருந்ததே முப்பத்தெட்டு. அதில் நான்கு ஸ்பேர். இரண்டு நூவர்க்கில், ஒன்று டல்லாஸில், ஒன்று ஓக்லண்டில், எப்போதும் தயாராக நிற்கும். விற்றால் அந்தக் காலாண்டு லாபம் எகிறும். லாபம் எகிறினால் போனஸ் எகிறும். தீர்மானத்தில் அப்படி எழுதவில்லை. "சொத்துகளைத் திறமையாகப் பயன்படுத்துதல்" என்று எழுதியிருந்தது.

விமானங்களின் கால அட்டவணை போடும் பிரிவுக்கு மேனேஜர் பசுபதி. சேலத்துக்காரர். பத்து நிமிடம் வந்து பேசச் சொல்லியிருந்தார்கள். நல்ல நீல சூட் போட்டுக்கொண்டு வந்தார். எல்லோரும் தலையாட்டிவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

"நம் ஒவ்வொரு விமானமும் ஒரு நாளைக்கு ஆறு தடவை பறக்கிறது. காலை ஏழு மணிக்கு ஒன்று பழுதானால் இப்போது ஸ்பேரை எடுக்கிறோம், அரை மணி நேரத் தாமதத்தோடு முடிந்துவிடுகிறது. ஸ்பேர் இல்லாவிட்டால் அந்த ஒரு பழுது சாயங்காலத்துக்குள் ஆறு ஊர்களில் ஜனங்களை நிறுத்தும். இன்று நூற்றுக்கு எண்பத்தோரு விமானங்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்கின்றன. நான்கையும் விற்றால் இந்தக் கோடையில் அது அறுபத்தைந்துக்குக் கீழே போகும்."

"பசுபதிக்கு விமானம் நிற்பதைப் பார்க்கத்தான் பிடிக்கும்" என்றார் டன்னிங். சிரித்தார்கள்.

ரூத் சிரிக்கவில்லை. "என்னிடம் நாற்பது பஸ் இருந்தன. மூன்றை எப்போதும் சும்மா நிறுத்தி வைத்திருப்பேன். சும்மா நிற்கிறதே என்று என் கணவர் திட்டிக்கொண்டே இருந்தார். எங்கள் பஸ் நேரத்துக்கு வருகிறது என்பதற்காகத்தான் ஜனங்கள் ஏறினார்கள்." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இதை யார் வாங்குகிறார்கள்?"

"விமானங்களை வாடகைக்கு விடும் ஒரு லீசிங் கம்பெனி. நல்ல விலை."

"இந்த மேசையில் இருக்கும் யாருக்காவது அந்தக் கம்பெனியோடு சம்பந்தம் இருக்கிறதா?"

வில்மாட் என்ற இயக்குநர் காப்பியில் கரைந்துபோன சர்க்கரையைக் கரைத்துக்கொண்டே இருந்தார். ஜலஜாவின் பேனா ஒரு கணம் நின்றது. இயக்குநர்கள் வருடா வருடம் நிரப்பித் தரும் படிவங்களை அடுக்கி வைப்பவள் அவள். அந்த லீசிங் கம்பெனி வில்மாட்டின் மருமகனுடையது என்று வில்மாட்டே தன் கையால் எழுதிக் கொடுத்த தாள் அவளுடைய அலமாரியில் இருந்தது.

"ரூத், சாப்பாடு ஆறுகிறது" என்றார் டன்னிங்.

ஓட்டெடுத்தார்கள். எட்டுக்கு ஒன்று. வில்மாட்டும் கை தூக்கினார்.

மறுநாள் ஜலஜா கொடுத்த வரைவில் மார்ட்டின் மூன்று இடங்களில் சிவப்புக் கோடு போட்டிருந்தார். பசுபதியின் எச்சரிக்கை போயிற்று. ரூத்தின் கேள்வி போயிற்று. எட்டுக்கு ஒன்று போயிற்று. "விவாதத்துக்குப் பின் தீர்மானம் நிறைவேறியது" என்ற ஒரு வரி மிஞ்சியது.

"மார்ட்டின், அது வில்மாட்டின் மருமகன் கம்பெனி. படிவம் இருக்கிறது."

"மருமகனுடையது. வில்மாட்டுடையது இல்லை. நான் பார்த்துக்கொள்கிறேன்." குரலில் கடுமையே இல்லை. "மினிட்ஸ் என்பது முடிவைப் பதிவு செய்வது, ஜலஜா. பேச்சை இல்லை."

இதே வாக்கியத்தைக் கோயம்புத்தூரில் ஒருவன் சொல்லியிருந்தால் அவள் விட்டிருக்க மாட்டாள். இங்கே அவள் டைப்பிஸ்ட். உட்கார்ந்து டைப் செய்தாள். மே மாத மீட்டிங்குக்கு ரூத் வரவில்லை, இடுப்பு எலும்பு ஆபரேஷன். முந்தைய மினிட்ஸுக்கு ஒப்புதல் கேட்டு, வாங்கி, அடுத்த விஷயத்துக்குப் போக அரை நிமிடம் ஆயிற்று. அன்று மாலை மார்ட்டின் சொன்னபடி சுருக்கெழுத்து நோட்டைக் காகிதம் கிழிக்கும் மெஷினில் விட்டாள். வழக்கமாகச் செய்வதுதான். நோட்டு நார் நாராக விழுந்தது.

ஜூன் கடைசியிலேயே பசுபதி சொன்னது நடக்க ஆரம்பித்தது. ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், தலைமை அலுவலகத்தில் இருந்த எல்லோரையும் டெர்மினலுக்கு ஓடச் சொன்னார்கள். பயணிகளைச் சமாளிக்க ஆள் போதவில்லை.

விமானம் ஏறும் வாசலில் வேலையாக நின்ற சாந்தி, எடிசனில் இருக்கும் மதுரைப் பெண், ஜலஜாவைப் பார்த்ததும் மூச்சு விட்டாள். அவளுடைய யூனிஃபார்ம் தோளில் யாரோ எறிந்த காப்பி காய்ந்து கறையாகியிருந்தது.

"என்ன சொல்றது இவங்ககிட்ட?" என்று ஜலஜா கேட்டாள்.

"வெதர்னு சொல்லச் சொல்லியிருக்காங்க ஆன்ட்டி." சாந்தி கண்ணாடிச் சுவருக்கு வெளியே கை நீட்டினாள். "நீங்களே பாருங்க, ஒரு மேகம் இருக்கா? காலைல டல்லாஸ்ல ஒரு ப்ளேன் ஹைட்ராலிக்ஸ் போச்சு. அங்க மாத்து ப்ளேன் இல்ல. அதுதான் இங்க வந்து ஓக்லண்ட் போகணும். நாலு மணி நேரமா இவங்கள நிக்க வெச்சிருக்கேன்."

முதல் வரிசையில் முப்பது வயதுக்குள் ஒரு பையன், தமிழ் முகம். சாந்தி பேசிய தமிழ் காதில் விழுந்து அவன் ஜலஜாவிடம் வந்தான். பெயர் சபரி என்றான். நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஃப்ரீமான்ட் பக்கத்தில் அவனுடைய அண்ணனைத் தகனம் செய்கிறார்கள். ஃப்ரீவேயில் விபத்து.

"அண்ணி மட்டும்தான் ஆன்ட்டி இருக்காங்க. குழந்தைக்கு ஒரு வயசு. அந்த டைம விட்டா ஃப்யூனரல் ஹோம்ல செவ்வாய்க்கிழமைதான் ஸ்லாட்டாம், அது வரைக்கும் வெச்சிருக்க வேணாம்னு நாந்தான் சொன்னேன். எனக்கு ஒரு சீட், நின்னுட்டு வேணா வரேன்."

ஜலஜா ஒன்றரை மணி நேரம் போன் பண்ணினாள். மற்ற கம்பெனிகளைக் கெஞ்சினாள். வெள்ளிக்கிழமை, கோடை விடுமுறை, எங்கும் இடமில்லை. கிடைத்தது மறுநாள் காலை ஆறு மணிக்கு லாஸ் ஏஞ்சலஸ் வழியாக ஒன்று. ஓக்லண்ட் போய்ச் சேர மதியம் ஒன்றாகும். அன்று மாலை ஆறரைக்கு, அவன் காத்திருந்த விமானம் ரத்து என்று அறிவிப்புப் பலகையில் விழுந்தது. காரணம், வெதர்.

சபரி கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். தரையில் பையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, போன் கார்டை எடுத்து எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அண்ணிக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்த மாத்திரத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. டல்லாஸில் ஒரு விமானம் நின்றிருக்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டு போனவர்களின் பெயர் அவளுக்குத் தெரியும். போகவிட்ட பேப்பரை அடித்தது அவளுடைய கை.

ஆகஸ்டில் அந்த நான்கில் ஒன்று திரும்பி வந்தது. வில்மாட்டின் மருமகனிடமிருந்து நாள் வாடகைக்கு! பெயின்ட்கூட மாற்றவில்லை, வாலில் பாலிசேட்டின் பழைய சின்னம் அப்படியே இருந்தது. தன் விமானத்தைத் தானே வாடகைக்கு எடுத்த கம்பெனியின் ஒப்பந்தத்தை ஜலஜா மூன்று பிரதி எடுத்துக் கோர்த்தாள். ஸ்டேப்ளர் பின் விரலில் ஏறியது.

அன்று வீட்டில் சாதத்தைப் பிசைந்துகொண்டே வெங்கடாசலத்திடம் சொன்னாள். அவன் முழுவதும் கேட்டான்.

"அநியாயம்தான்" என்றான். "ஆனா நீ என்ன பண்ணப் போற? ஹவுஸ் லோன் இருக்கு, கயல் அடுத்த வருஷம் ஹை ஸ்கூல். உன்னப் பேச யாரும் கூப்பிடல ஜலஜா."

மகள் கயல் தட்டிலிருந்து நிமிராமல், "Amma, just quit" என்றாள்.

செப்டம்பர் மீட்டிங் வந்தது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த விமானங்கள் நூற்றுக்கு அறுபத்தொன்று. பங்கு விலை விழுந்திருந்தது, பேப்பரில் கேலிச் சித்திரம் வந்திருந்தது. டன்னிங் எழுந்து நின்று வருத்தமான குரலில் பேசினார்.

"நம் அட்டவணைப் பிரிவு இதை முன்கூட்டியே கணிக்கத் தவறிவிட்டது. எங்களை யாரும் எச்சரிக்கவில்லை. அந்த மேனேஜரை நேற்று வேலையிலிருந்து நீக்கிவிட்டோம்."

ஜலஜாவின் பேனா நோட்டைக் கிழித்தது. பசுபதியை அவள் நேற்று மதியம் கான்டீனில் பார்த்திருந்தாள். கிரீன் கார்டுக்குக் கம்பெனி மூலமாக விண்ணப்பித்து ஐந்து வருடமாகக் காத்திருந்தவர். வேலை போனால் விண்ணப்பமும் போகும். நாட்டில் இருக்கும் உரிமையே ஆட்டம் காணும்.

ரூத் கைத்தடியை மேசையில் சாய்த்துவிட்டு, "எச்சரித்தாரே" என்றார். "ஏப்ரலில். நீல சூட் போட்டிருந்தார். ஆறு ஊர்களில் ஜனங்கள் நிற்பார்கள் என்றார். நானும் ஏதோ கேட்டேன், வாங்குகிறவர் யார் என்று."

"மினிட்ஸைப் பார்த்துவிடலாமே" என்றார் டன்னிங்.

மார்ட்டின் புத்தகத்தைத் திறந்து ரூத்தின் முன் வைத்தார். ரூத் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். விரல் அந்த ஒற்றை வரியின் கீழே போய்ப் போய் வந்தது.

"இதில் இல்லை" என்றார் தணிந்த குரலில். "நான் கேட்டதாகத்தான்... ஆபரேஷனுக்குப் பிறகு நிறைய மாத்திரை கொடுத்தார்கள். வேறு எங்கேயோ கேட்டதை இங்கே என்று நினைத்துக்கொண்டேனோ என்னவோ."

வில்மாட் கையை நீட்டி அந்த வயதான கையைத் தட்டிக் கொடுத்தார். "நம் எல்லோருக்கும் வயசாகிறது, ரூத்."

அந்தத் தட்டலைத்தான் ஜலஜாவால் தாங்க முடியவில்லை. விமானத்தைத் திருடினார்கள், பசுபதியின் வேலையைத் திருடினார்கள். இப்போது இந்த அம்மாளின் புத்தியையும் திருடுகிறார்கள், அதற்கு ஆயுதம் தான் டைப் செய்த காகிதம். பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. எட்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த மேசை மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

"மிஸஸ் கெஸ்லர், உங்கள் ஞாபகம் சரி. ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை."

"ஜலஜா, உட்காருங்கள்" என்றார் மார்ட்டின்.

அவள் உட்காரவில்லை. பசுபதி சொன்ன எண்பத்தொன்றைச் சொன்னாள், அறுபத்தைந்தைச் சொன்னாள். நாற்பது பஸ்ஸையும் சும்மா நின்ற மூன்றையும் சொன்னாள். "'இந்த மேசையில் இருக்கும் யாருக்காவது அந்தக் கம்பெனியோடு சம்பந்தம் இருக்கிறதா?' நீங்கள் இப்படிக் கேட்டீர்கள். யாரும் பதில் சொல்லவில்லை. மிஸ்டர் டன்னிங் சாப்பாடு ஆறுகிறது என்றார். மிஸ்டர் வில்மாட் பதில் சொல்லியிருக்கலாம். அது அவருடைய மருமகன் கம்பெனி. அவர் கையெழுத்திட்ட படிவம் இரண்டாவது அலமாரியில் இருக்கிறது."

வில்மாட்டின் முகம் சிவந்தது. டன்னிங் ஜலஜாவைப் பார்க்காமல் மார்ட்டினிடம் கேட்டார். "இந்தம்மாவின் நோட்ஸ் எங்கே?"

"நோட்ஸ் இல்லை" என்றாள் ஜலஜா. "அழிக்கச் சொன்னார்கள், அழித்தேன். மூன்று பத்திகளை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். அது என் தப்பு. அதற்காக மிஸஸ் கெஸ்லருக்குப் புத்தி மழுங்கிவிட்டது என்று நீங்கள் சொல்ல விடமாட்டேன்."

ரூத் மெதுவாகத் திரும்பினார். "மார்ட்டின், நான் அந்தக் கேள்வியைக் கேட்டேனா இல்லையா? ஆம் அல்லது இல்லை."

மார்ட்டின் டன்னிங்கைப் பார்த்தார். டையைச் சரி செய்துகொண்டார். "மினிட்ஸ் என்பது ஒரு சுருக்கம்தான், ரூத்."

"அது ஆம்" என்றார் ரூத். கைத்தடியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஜலஜாவை வெளியே போகச் சொன்னார்கள். கதவருகே நின்று, "இப்போது நடந்ததை யார் எழுதப் போகிறீர்கள்?" என்று கேட்டாள். இரண்டு மணிக்குள் அவளுடைய மேசையைக் காலி செய்யச் சொல்லி ஒரு செக்யூரிட்டி ஆள் அட்டைப் பெட்டியோடு வந்து நின்றான்.

வீட்டில் சண்டை பெரிதாக நடந்தது.

"அந்த ரூம்ல பேச உனக்கு என்ன டைட்டில் இருக்கு?" என்று வெங்கடாசலம் கத்தினான். "வக்கீலா நீ? டைரக்டரா?"

"டைட்டில் இல்லாமத்தாங்க எட்டு வருஷமா அவங்க பொய்ய டைப் பண்ணிக் குடுத்தேன். அப்ப நீங்க கேக்கலியே!"

அவன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அரை மணி கழித்துப் பால் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான். பிரிட்ஜில் ஏற்கெனவே பால் இருந்தது.

மூன்றாம் நாள் ரூத் போன் செய்தார். எண்ணை எப்படியோ பிடித்திருந்தார். "நான் ராஜினாமா செய்யப் போகிறேன், ஜலஜா. இந்தக் கும்பலோடு இனி உட்கார முடியாது. ஆனால் நான் போனால் அவர்களுக்குச் சந்தோஷம்தான். உடல்நிலை காரணம் என்று நாலு வரி எழுதி மூடிவிடுவார்கள்."

"நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள் என்பதில் இருக்கிறது" என்றாள் ஜலஜா. எட்டு வருடமாக மார்ட்டினின் அலமாரியில் இருந்த விதிப் புத்தகங்களை அவள் மதிய உணவு நேரத்தில் படித்து வந்தாள். யாரும் படிக்கச் சொல்லவில்லை. "கருத்து வேறுபாட்டால் ராஜினாமா என்று எழுதுங்கள். காரணத்தை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். கடைசியில், இந்தக் கடிதத்தை வெளியிட வேண்டும் என்று கேளுங்கள். அப்படிக் கேட்டுவிட்டால் கம்பெனி அதன் சாரத்தைச் சொல்லி, கடிதத்தையும் சேர்த்து வாஷிங்டனில் பங்குச் சந்தை ஆணையத்திடம் தாக்கல் செய்தே ஆக வேண்டும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். சிவப்புக் கோடு போட முடியாது."

"இது உனக்கு எப்படித் தெரியும்?"

"என் தொழில் அதுதான்."

கடிதம் இரண்டு பக்கம் வந்தது. ஏப்ரல் கேள்வி, வில்மாட்டின் மருமகன், மினிட்ஸில் எடுக்கப்பட்ட பத்திகள், வாடகைக்குத் திரும்பி வந்த விமானம் எல்லாம் இருந்தன. அக்டோபரில் அது வெளியே வந்ததும், பாலிசேட்டின் பங்குகளை நிறைய வைத்திருந்த ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதி ஒன்று டன்னிங்குக்குக் கேள்விகள் அனுப்பியது. பேப்பர்கள் பிடித்துக்கொண்டன, ஜலஜா எழுந்து பேசியதையும் ரூத்திடம் கேட்டுப் போட்டன. நவம்பர் நடுவில் டன்னிங் குடும்பத்தோடு அதிக நேரம் செலவிடுவதற்காக விலகினார்.

இதைப் படித்துவிட்டு வெங்கடாசலம் பேப்பரை ஜலஜாவின் முன் வைத்து, "ஜெயிச்சிட்டியே!" என்றான். அவள் முழுவதும் படித்தாள். டன்னிங்குக்கு இரண்டு வருடச் சம்பளம். அவருக்கும் மனைவிக்கும் ஆயுள் முழுக்க முதல் வகுப்பில் இலவசப் பயணம். வில்மாட் அடுத்த போர்டுத் தேர்தலில் நிற்கமாட்டாராம், விமானங்கள் மருமகனிடமே இருக்கும். மார்ட்டின் இருந்த இடத்திலேயே இருந்தார். அவள் பேப்பரைச் சுருட்டிக் குப்பையில் போட்டாள். பிறகு மூடியைத் திறந்து இன்னும் ஆழத்தில் தள்ளினாள்.

நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் வாரத்தில், பசுபதியைப் பார்க்கப் போனாள். டெக்சஸில், டல்லாஸுக்குப் பக்கத்தில் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனி அவரை எடுத்திருந்தது. குடும்பத்தை அழைத்துப்போக வந்திருந்தார். வீடெல்லாம் பெட்டிகள். அவருடைய மனைவி கலாவதி, உட்கார இடமில்லாமல், ஒரு பெட்டியைத் துடைத்து, "இதுல உக்காருங்க" என்றாள்.

"பசுபதி சார், நான் உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஜலஜா ஆரம்பித்தாள்.

"தெரியும். பேப்பர்ல படிச்சேன்." அவர் டேப் ஒட்டுவதை நிறுத்தவில்லை. "அந்த மினிட்ஸ டைப் பண்ணது நீங்கதானே?"

"ஆமா."

"நான் சொன்னத எடுத்துட்டாங்கன்னு உங்களுக்கு அடுத்த நாளே தெரியும். தினமும் கான்டீன்ல என்னப் பாத்து நல்லா இருக்கீங்களா சார்னு கேட்டீங்க. அஞ்சு மாசம்."

அவர் டேப்பை இன்னும் ஒரு சுற்று இழுத்து ஒட்டினார்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாம். நான் அன்னிக்கே ஒரு மெமோ எழுதி வெச்சிருப்பேன். ஒரே ஒரு பேப்பர் என் கையில இருந்திருந்தா என்னத் தொட்டிருப்பாங்களா? அஞ்சு வருஷம் கிரீன் கார்டு க்யூ, இப்ப மறுபடி முதல்லேர்ந்து. பெரியவளுக்கு காலேஜ் போற வயசு. கிழவி கைய தட்டினாங்கன்னு உங்களுக்குக் கோவம் வந்துச்சாம், பேப்பர்ல பெருமையாப் போட்டிருக்கான்." டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார். "உங்க கோவம் எனக்கு ஏப்ரல்ல வேணும்மா. செப்டம்பர்ல இல்ல."

"விடுங்க, வீட்டுக்கு வந்தவங்கள..." என்றாள் கலாவதி.

"அவர் பேசட்டும்" என்றாள் ஜலஜா. "சரியாத்தான் பேசறார்."

ஜலஜா கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். ஏப்ரல் மீட்டிங்கில் அவர் என்ன சொன்னார், அது யார் சொல்லி எப்படி நீக்கப்பட்டது என்று எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்திட்டிருந்தாள். நீக்கிய கையும் தன்னுடையதே என்று மூன்றாவது பத்தியில் இருந்தது. புது கம்பெனியின் இமிக்ரேஷன் வக்கீலுக்கு உதவும் என்றாள். இதை வைத்து யார் வழக்குப் போட்டாலும் அவளும் மாட்டுவாள், அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

பசுபதி நின்றபடியே படித்தார். இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. "காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பெட்டியை இழுத்தார்.

பாத்திரமெல்லாம் கட்டியாகிவிட்டது. கலாவதி தேடிப் பிடித்து ஒரு பேப்பர் கப்பில் காப்பி கொண்டுவந்தாள். ஜலஜா அதைக் கடைசிவரை குடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வெங்கடாசலம், "என்ன சொன்னார்? சமாதானமாயிட்டாரா?" என்று கேட்டான்.

"இல்ல. நல்லாத் திட்டினார்."

"அவருக்காக வேலையத் தொலைச்சுட்டு வந்திருக்க, உன்னயே திட்றாரா அந்த ஆளு!" வெங்கடாசலத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போனை நோக்கிப் போனான். ஜலஜா குறுக்கே போய் நின்றாள்.

"கோவப்படணும்னா மார்ட்டின் மேல படுங்க, டன்னிங் மேல படுங்க. என் மேலகூடப் படுங்க. அந்த மனுஷன ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள்.